200 என்றால் எல்லாம் நலம்

தேவகி: சார், சனிக்கிழமை இரவு பத்து மணியிலிருந்து திங்கள் காலை ஒன்பது மணிவரை நம் நூற்பட்டியல் சேவை செத்துக் கிடந்திருக்கிறது.

ராஜாமணி: இருக்காதே. வீட்டிலிருந்து இரண்டு தடவை கண்காணிப்புத் திரையைப் பார்த்தேன். ஒரே பச்சை.

தேவகி: பச்சைதான். தஞ்சாவூர் வயல் மாதிரி இருந்தது. தரவுத்தளம் நின்றுபோயிருக்கிறது, கேட்டவர்களுக்கெல்லாம் எல்லாம் நலம் என்று சொல்லும் 200 என்ற பதில் எண் போயிருக்கிறது.

ராஜாமணி: நான்தானம்மா மாற்றினேன். போன மாதம் நீதானே வந்து அழுதாய்? சர்வரில் கோளாறு என்னும் 500 வரும்போதெல்லாம் கைப்பேசி நடுராத்திரியில் அலறுகிறது, தூக்கமே இல்லை என்று. இந்த வாரம் அலறியதா?

தேவகி: இல்லை.

ராஜாமணி: நன்றாகத் தூங்கினாயா?

தேவகி: தூங்கினேன் சார். ஆனால் நான் கேட்டது அதுவல்ல. யாரோ ஒரு மாணவர் நம் தரவுத்தளத்தைக் கேட்க எழுதும் வினவலில் அடைப்புக்குறியை மூட மறந்தால் அதற்கும் 500 கொடுக்கிறீர்கள், அதை 400 ஆக்குங்கள் என்று கேட்டேன்.

ராஜாமணி: 500 வேண்டாம் என்றாய்.

தேவகி: அந்த 500 வேண்டாம் என்றேன்.

ராஜாமணி: 500இல் அந்த 500, இந்த 500 என்று இருக்கிறதா என்ன?

(ராஜாமணி சார் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இந்தச் சேவையைத் தனி ஆளாக எழுதியவர் அவர்தான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்.)

தேவகி: 4இல் தொடங்கினால் கேட்டவர் மேல் தவறு, 5இல் தொடங்கினால் நம் மேல். குறி மூடாத வினவலுக்கு 500 கொடுத்தால் அவருடைய நிரல் என்ன நினைக்கும்? பாவம், சர்வருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று அதே வினவலை மூன்று விநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். காத்திருந்தால் அடைப்புக்குறி முளைத்துவிடுமா?

ராஜாமணி: அதனால்தான் 200. ஒரு தடவையோடு போய்விடுகிறார்கள், பார்.

தேவகி: போய்விடுகிறார்கள் சார். வெறுங்கையோடு போகிறார்கள்.

ராஜாமணி: உள்ளே பிழை என்று எழுதித்தானே அனுப்புகிறேன்? படித்துப் பார்க்க வேண்டியதுதானே?

தேவகி: எழுதியிருப்பதைப் பார்த்தேன். "நிலை: வெற்றி. செய்தி: தோல்வி."

ராஜாமணி: வெற்றி என்றது பதில் போய்ச் சேர்ந்ததற்கு. தோல்வி என்றது பதிலில் ஒன்றும் இல்லாததற்கு.

தேவகி: பையன் எல்லாப் பாடத்திலும் தோற்றான், ஆனால் மதிப்பெண் அட்டை கசங்காமல் வீடு வந்து சேர்ந்தது என்று தெருவெல்லாம் இனிப்புக் கொடுப்பது மாதிரி இருக்கிறது.

ராஜாமணி: இதனால் யாருக்கு என்ன நட்டம்?

தேவகி: ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆய்வாளர் நம்மிடம் கேட்டிருக்கிறார், 1850க்கு முன் தமிழில் அச்சான நூல்கள் எவை என்று. அவருடைய நிரல் 200ஐப் பார்த்தது, உள்ளே நூல் ஒன்றும் இல்லாததைப் பார்த்தது, பட்டியலில் பூஜ்யம் என்று போட்டுவிட்டது. காலையில் தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தை என்ன செய்தீர்கள் என்றார்.

ராஜாமணி: அவருக்குத்தான் தெரிந்திருக்கிறதே, பிறகு எதற்கு நம்மிடம் கேட்டார்?

தேவகி: (சற்று நேரம் பேசவில்லை.) இன்னும் கேளுங்கள். முன்னால் நின்று பதில்களின் நகலைச் சேமித்துக் கொடுக்கும் கேஷ் சர்வர், 200 என்றால் நல்ல சரக்கு என்று நம்பி மூன்று மணி நேரம் எடுத்து வைக்கிறது. தரவுத்தளம் ஒன்பது மணிக்கே எழுந்துவிட்டது. நாம் பன்னிரண்டு மணிவரை பழைய பிழையைப் பரிமாறிக்கொண்டிருந்தோம்.

ராஜாமணி: நான் ஒன்றும் விதி தெரியாமல் செய்பவன் இல்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013இல் வெளியிட்ட ஸ்பார்க்கிள் நெறிமுறையில், அதாவது நம் வினவல் மொழிக்கான விதிகளில், இருக்கிறது. வினவலை நிறைவேற்ற மறுத்தால்கூட 500 கொடுக்கலாமாம். முன்பு நான் கொடுத்ததும் சரிதான்.

தேவகி: இலக்கணம் தவறிய வினவலுக்கு 400 என்றும் அங்கேயே இருக்கிறது சார். அந்த இடத்தில் மட்டும் பக்கம் ஒட்டிக்கொண்டதா?

ராஜாமணி: சரி, இதற்குப் பதில் சொல். வினவலுக்கு நாற்பதாயிரம் வரி விடை. 200 என்று சொல்லி அனுப்பத் தொடங்கிவிட்டேன். இருபதாயிரமாவது வரியில் நேரம் முடிந்து நின்றுபோனது. போன 200ஐ ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வர முடியுமா?

தேவகி: முடியாது. இதில் நியாயம் உங்கள் பக்கம்.

ராஜாமணி: அப்படி வா வழிக்கு.

தேவகி: ஆனால் இணைப்பை அந்த இடத்திலேயே வெட்டிவிடலாமே. பாதியில் அறுந்தது என்று கேட்டவருக்குத் தெரியும். நீங்களோ பாதி விடைக்கு எல்லா அடைப்புக்குறிகளையும் வரிசையாக மூடி, முழு விடை போல அலங்கரித்து அனுப்பியிருக்கிறீர்கள். மாணவர் மூட மறந்ததையெல்லாம் சேர்த்து நீங்கள் மூடுகிறீர்கள்.

ராஜாமணி: பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டாமா?

தேவகி: தரவுத்தளம் நின்றால், இப்போதைக்குச் சேவை இல்லை என்னும் 503 கொடுங்கள் சார். எத்தனை விநாடி கழித்து வரச் சொல்வது என்று பக்கத்தில் ஒரு வரி. வேறொன்றும் கேட்கவில்லை.

ராஜாமணி: 503ம் 5இல்தானே தொடங்குகிறது?

தேவகி: ஆமாம்.

ராஜாமணி: 404 கொடுக்கட்டுமா? தரவுத்தளத்தைக் காணவில்லை. காணவில்லை என்றால் 404தானே?

தேவகி: அப்படி ஒரு முகவரியே இல்லை என்று நினைத்து நம்மைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். 5 என்றால் ஏன் இப்படிப் பதறுகிறீர்கள்?

ராஜாமணி: (குரலைத் தாழ்த்தி) மாத அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறதம்மா. 5இல் தொடங்கும் பதில்கள் எத்தனை என்று. என் பெயருக்கு நேராக.

தேவகி: 200க்குள் எத்தனை தோல்வி என்று ஒரு கட்டம்?

ராஜாமணி: அது இல்லை.

தேவகி: என் தூக்கத்துக்காக என்றீர்களே சார்.

ராஜாமணி: அதுவும்தான். சரி, விடு. 503 ஆக்கிவிடுகிறேன். மாதம் முடிய நான்கு நாள்தான் இருக்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து மாற்றிவிடலாம்.

தேவகி: இந்த நான்கு நாளில் மறுபடி நின்றுபோனால்?

ராஜாமணி: நன்றாகத் தூங்கு.