ஈய மேட்டில் மண்ணைக் கொட்டாதீர்கள்

பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா பீக் டிஸ்ட்ரிக்ட். 1951இல் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் குன்றுகளையும் கல் மதில்களையும் படம் எடுக்கிறவர்கள், ஈயச் சுரங்கக் கழிவைக் கொட்டிய மேடுகள் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை. ரோமானியர் காலத்திலேயே அங்கே ஈயம் எடுத்திருக்கிறார்கள். சுரங்கங்கள் மூடிய பிறகும் மேடுகள் அப்படியே கிடக்கின்றன. "நல்ல மண்ணைக் கொட்டி மரம் நட்டால் அழகாக இருக்குமே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சாம்பல்நிறச் சரளையில் குனிந்து பார்க்க வேண்டும். ஊசி இலைகளோடு தரையை ஒட்டிய ஒரு சிறு மெத்தை. அதன்மேல் ஐந்து இதழ் வெள்ளைப் பூக்கள். அதுதான் ஸ்பிரிங் சாண்ட்வார்ட். ஈயம் இருக்கும் இடத்துக்கே அடையாளம் என்பதால் அந்த வட்டாரத்தில் 'லெட்வார்ட்' என்றும் பெயர். இன்னொன்று ஆல்பைன் பென்னிகிரெஸ். பிரிட்டனில் அரிய செடி. உலர்ந்த இலையின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் மேல் துத்தநாகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு தெம்பாக நிற்கும். சாதாரணச் செடி அதற்கு வெகு முன்பே செத்துப்போயிருக்கும்.

இவை நஞ்சுக்கு ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. வளமான நிலத்தில் முரட்டுப் புல்லோடு மல்லுக்கட்டி நிற்க இவற்றால் முடியாது. அந்தப் புல் நுழைய முடியாத இடம் அது, அவ்வளவுதான். நல்ல மண்ணைப் பரப்பினால் சில கோடைகளில் புல்லும் முள்ளும் மூடிவிடும். பசுமையாக்கினோம் என்று பெருமையும் பட்டுக்கொள்ளலாம்.

புல்லிலும் சில விதிவிலக்குகள் உண்டு. வேல்ஸின் பழைய சுரங்கங்களில் தாவர ஆய்வாளர் ஆண்டனி பிராட்ஷாவும் அவர் வழிவந்தவர்களும் செய்த ஆய்வுகளை அறிவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மேட்டின் மேல் வளரும் புல் உலோகத்தைத் தாங்குகிறது. சில மீட்டர் தள்ளி மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் அதே இனப் புல்லுக்கு அந்த மண்ணில் வேரே ஓடுவதில்லை. பரிணாமம் கண்ணெதிரே நடந்த இடத்தைத்தான் குப்பைமேடு என்கிறோம்.

எல்லா மேடுகளும் தப்பவில்லை. ஈயம் தேடியவர்கள் வேண்டாமென்று எறிந்த ஃபுளோரைட், பேரைட் என்ற கனிமங்களுக்குப் பின்னாளில் விலை வந்தது. பல மேடுகளை மறுபடி கிளறி அள்ளிவிட்டார்கள். 1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிட நெறிமுறை உலோக மண்ணில் இப்படி வளரும் புல்வெளியைக் காக்கவேண்டிய வாழிடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சுரங்கக் கழிவுக்கும் சட்டப் பாதுகாப்பு! நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது சரியான முடிவு.

ஈயம் ஈயம்தான், மறுக்கவில்லை. மாடு மேய்ந்தால் சாகும். ஓடை மேட்டை அரித்தால் நஞ்சு கீழே போகும். அங்கே கரையைக் கட்டுங்கள், மாட்டுக்கு வேலி போடுங்கள். அதற்காக மேடு முழுவதையும் புதைக்க வேண்டியதில்லை. சும்மா விட்டாலும் போதாது என்பதுதான் சிக்கல். இலைமக்கு சேரச் சேர மண் வளமாகிப் புல் ஏறும். அப்போது மேல்மண்ணைச் சுரண்டி, பழைய ஈயச் சரளையை மறுபடி வெளியே கொண்டுவர வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் பச்சைப்புல்லைச் சுரண்டி எடுக்க இயந்திரம் வந்தால் ஊரே சண்டைக்கு வரும். நான் இயந்திரத்தின் பக்கம்.