வே ரெபோ வீடுகளுக்குள்ளே

இந்தோனேசியாவின் ஃப்ளோரெஸ் தீவிலுள்ள வே ரெபோ மலைக்கிராமம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் கூம்பு வீடுகளின் படங்கள் அருமை. ஆனால் உள்ளே 5 தளங்கள் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! கீழே பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்கின்றன. மேலே உணவுப் பொருட்கள், அப்புறம் விதைகள், அதற்கும் மேலே பஞ்ச காலத்துக்கான சேமிப்பு, உச்சியில் முன்னோருக்குப் படையல். மலைவாழ் மக்களின் முன்யோசனை முழுவதும் அந்த அடுக்குகளில் இருக்கிறது.

ஒரு கட்டத்தில் 4 வீடுகளே மிஞ்சியிருந்தன. ஜகார்த்தா கட்டடக் கலைஞர்கள் துணைநிற்க, ஊர்மக்களே வேலை செய்து மறுபடி 7 ஆக்கினார்கள். 2012-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்காகப் பிள்ளைகள் மலைக்குக் கீழேயுள்ள கொம்போ கிராமத்தில் தங்குகிறார்கள். அவர்களைப் பற்றியும், ஊரின் காப்பி விவசாயத்தைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.