பூப்பந்தை வெளிக்காற்றில் ஆட விடுங்கள்

இறகுப்பந்து ஆட வசதியில்லாதவர்கள் ஆடுவதுதான் பூப்பந்து என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பள்ளியிலும் கல்லூரியிலும் அதையே கதி என்று ஆடியவன் நான். இரண்டுக்கும் பேட்டும் வலையும்தான் பொது. ஆட்டமே வேறு.

பூப்பந்து, 1856 வாக்கில் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய விளையாட்டு என்று சொல்வார்கள். தென் மாநிலங்களைத் தாண்டினால் இன்றும் தெரிந்தவர்கள் குறைவு. இத்தனைக்கும் 1970-லேயே வாரங்கல் பிச்சையா இதற்காக அர்ஜுனா விருது வாங்கினார். அவர் பெயரைச் சொல்லும்போது எங்கள் பி.டி. மாஸ்டருக்குக் குரலே மாறிவிடும்.

பந்து மஞ்சள் கம்பளி நூலில் செய்தது. எடை முப்பது கிராமுக்குள்தான். பேட்டைச் சாய்த்து அடியில் சீவிவிட்டால் சுழன்றுகொண்டே வலையைத் தாண்டும். எதிராளி கை நீட்டும் நேரம் பார்த்து வெளிப்பக்கம் விலகும். அந்த ஒரு அடிக்காகவே மணிக்கணக்கில் சுவரில் அடித்துப் பழகியிருக்கிறேன்.

பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், மண் தரை, சுண்ணாம்புக் கோடு. பந்து தரையைத் தொடக் கூடாது, ஒரே அடியில் வலையைத் தாண்டியாக வேண்டும். கைப்பந்து மாதிரி ஒருவர் தூக்கிக் கொடுத்து இன்னொருவர் அடிக்க முடியாது. யார் அடிப்பது என்பதைப் பந்து வருவதற்குள் முடிவு செய்ய வேண்டும். நான் நடு ஆட்டக்காரன். பின்னாலிருந்து “விடுறா” என்று குரல் வந்தால் ஓங்கிய பேட்டை அப்படியே இழுத்துக்கொள்வேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அவன் எடுப்பான் என்று தெரியும். வேறெந்த ஆட்டத்திலும் எனக்கு அந்த நம்பிக்கை வாய்க்கவில்லை.

இப்போது உள்ளரங்கத்திலும் போட்டிகள் நடக்கின்றன. மழைக்கு அது நல்லதுதான், சரி. ஆனால் காற்றை எடுத்துவிட்டால் இந்த ஆட்டத்தில் பாதி போய்விடும். சர்வீஸுக்கு முன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தூவிப் பார்ப்போம். எதிர்க்காற்று என்றால் தாழ்வாகவும் அழுத்தியும் அடிப்போம், பின்காற்று என்றால் பேட்டை அடக்கி வாசிப்போம். பக்கம் மாறியதும் எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும். இதெல்லாம் நான்கு சுவருக்குள் எப்படி வரும்?

அரங்கம் கட்டக் காசில்லை என்று விளையாட்டையே கைவிட்ட பள்ளிகள் உண்டு. இதற்கு இரண்டு கம்பமும் ஒரு வலையும் போதும், பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம். எங்கள் ஊர்ப் பள்ளியில் கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. வலை, பேட், பந்து வாங்கித் தரப் பழைய ஆட்டக்காரர்கள் தயாராக இருக்கிறோம். அடுத்த வாரம் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம். கூட வர விரும்பும் நண்பர்கள் சொல்லுங்கள்.