‘சர்க்யூட்’ என்று கோடே சொல்கிறது, ஹீட்டரை ஏன்யா மாற்றுகிறீர்கள்?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று, இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். டீசல் வண்டியில் டிஇஎஃப் (புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா திரவம்) உறையாமல் காக்கும் ஹீட்டருக்குக் கோட், அதாவது பழுதுக் குறியீடு, வந்த உடனேயே ஹீட்டரை மாற்றச் சொல்லும் அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம். ஸ்கேனரை மாட்டுவது, பி20பி9 என்று வந்ததைப் பார்ப்பது, பார்ட்ஸுக்கு ஆர்டர் போடுவது, அவ்வளவுதான் வேலை. இதற்குப் பெயர் டயக்னோஸிஸாம்.

அந்தக் கோடுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவையாவது முழுசாக வாசித்திருப்பார்களா? ‘ரிடக்டன்ட் ஹீட்டர் ஏ கன்ட்ரோல் சர்க்யூட், ஓப்பன்’. ரிடக்டன்ட் என்பது அந்த டிஇஎஃப்தான், ஓப்பன் என்றால் கரண்ட் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. ஹீட்டர் எரிந்துவிட்டது என்று இதில் எந்த மூலையில் எழுதியிருக்கிறது? ஃபியூஸ், ரிலே, வண்டிக்கு அடியில் சேற்றிலும் தண்ணீரிலும் அடிபட்டுக்கொண்டு டேங்க் வரைக்கும் போகிற வயர், நடுவில் வரும் கனெக்டர்கள், எர்த், ஈசியூ என்கிற வண்டியின் கம்ப்யூட்டருக்குள் ஹீட்டரை ஆன் செய்யும் டிரைவர் சர்க்யூட், இதெல்லாம் தாண்டித்தான் ஹீட்டர். இதில் எது போனாலும் இதே கோட் வரலாம். பக்கத்துக் கோடுகள் வேறு இருக்கின்றன: பி20பிஏ என்றால் பெர்ஃபார்மன்ஸ், பி20பிபி என்றால் சர்க்யூட் லோ, பி20பிசி என்றால் ஹை. நாலும் நாலு வேறு கதை, ஆனால் நம் ஆட்களுக்கு நாலும் ஒன்றுதான், “ஹீட்டர் போச்சு சார்”.

அந்த ‘ஏ’ எந்த ஹீட்டர் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. டேங்கில் ஒன்று, பம்ப்பில் ஒன்று, ஹோஸ் ஒவ்வொன்றிலும் ஒன்று என்று பல ஹீட்டர்கள் இருக்கின்றன. எதற்கு ஏ, எதற்கு பி, எதற்கு சி என்பதை அந்த வண்டியின் வயரிங் டயகிராமைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பெரிய லாரிகள் பலவற்றில் டேங்குக்குள் கரண்ட் ஹீட்டரே கிடையாது, இன்ஜினில் சூடான கூலன்ட்டை ஒரு வால்வு திறந்து டேங்குக்குள் சுற்றவிடும், ஹோஸ்களுக்கு மட்டும்தான் கரண்ட். அந்த வண்டிக்கும் டேங்க் ஹீட்டர் விசாரிக்கிறார்கள்!

சரி, தப்பாக மாற்றினால் சின்னச் செலவோடு போகிறதா என்றால் அதுவும் இல்லை. பல வண்டிகளில் ஹீட்டர், லெவல் சென்சார், டெம்பரேச்சர் சென்சார் எல்லாம் சேர்த்து ஒரே யூனிட்டாகத்தான் கொடுக்கிறார்கள். வயரில் இருந்த ஒரு பச்சைக் களிம்புக்காக முழு யூனிட்டுக்கும் பணம் கட்டிவிட்டு, கோட் திரும்ப வந்த பிறகு என்னிடம் வந்து நிற்கிறார் வண்டிக்காரர். அவருடைய முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது, மாற்றிக் கொடுத்தவருக்கு அந்தச் சங்கடம் கொஞ்சம்கூட இல்லை.

இன்னொரு எரிச்சல். இந்த டிஇஎஃப் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். உறைவது மைனஸ் 11 டிகிரியில். வெளியே 38 டிகிரி கொதிக்கும்போது “ஹீட்டருக்கு இப்போது என்ன வேலை, லைட் எரிந்தால் எரியட்டும்” என்று அனுப்பிவைக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். ஹீட்டர் ஓடத் தேவையில்லாத நேரத்திலும் ஈசியூ அந்த லைனில் ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கலாம். வயர் அறுந்திருந்தால் வெயில் காலத்திலும் கோட் போடும். அப்படியே ஓட்டினால் சில வண்டிகள் கொஞ்ச நாளில் வேகத்தையே குறைத்துவிடும், அப்போதுதான் அலறிக்கொண்டு வருவார்கள்.

இப்போது மல்டிமீட்டர் வீரர்களுக்கு வருகிறேன். கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கம் 12 வோல்ட் வருகிறது, ஆகவே வயர் நல்லா இருக்கிறது, ஆகவே ஹீட்டர்தான் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். அட, கழற்றிவிட்ட வயரில் கரண்டே ஓடவில்லையே! இழையெல்லாம் அறுந்து ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 தான் காட்டும், கன்டினியுட்டி வைத்தால் பீப் அடிக்கும். ஒரு ஓம் ஹீட்டருக்கு 12 ஆம்ப் ஓட வேண்டும், அதாவது 144 வாட். வழியில் கனெக்டருக்குள் அழுகின ஒரு முள் (பின்) இன்னொரு ஓமைச் சேர்த்துவிட்டால் கரண்ட் 6 ஆம்ப்பாகப் பாதியாகும், ஹீட்டருக்குப் போகும் சூடு 36 வாட்டாக, கால்வாசியாகச் சுருங்கும். அதே 36 வாட் சூடு அந்தப் பின்னில் உட்கார்ந்து கனெக்டர் பிளாஸ்டிக்கை உருக்கும். உருகின கனெக்டரைக் கண்ணால் பார்த்த பிறகும் ஹீட்டரை மாற்றினவர்கள் உண்டு, என்ன சொல்ல.

கனெக்டரை மாட்டியே வைத்து, ஸ்கேனரில் ஹீட்டரை ஆன் செய்து, லோடு ஓடும்போது பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு வோல்ட் விழுகிறது, எர்த் பக்கம் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். கூடவே, ஓடுகிற கரண்டை அளக்க வயரைச் சுற்றி மாட்டும் ஒரு கிளாம்ப் மீட்டர். இவ்வளவுதான், ஒரு டீ ஆறுவதற்குள் முடியும். சில வண்டிகளில் ஈசியூ ஹீட்டரை மாற்றி மாற்றி ஆன் ஆஃப் செய்யும், அங்கே மீட்டர் காட்டுவது சராசரிதான், 7 வோல்ட் என்று பார்த்துவிட்டு சப்ளை குறைவு என்று அடுத்த தப்புக்குப் போய்விடாதீர்கள். ஹீட்டர் பிடிசி வகையாக இருந்தால் சூடாகச் சூடாக ஓம் ஏறும், குளிர்ந்த ஹீட்டரின் அளவையும் இப்போதுதான் ஓடி நின்றதன் அளவையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவது வீண்.

அப்புறம் இந்த யூரியா. ஒரு சொட்டு கசிந்தால் போதும், செம்புக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவில் நுழைந்து வயருக்குள்ளேயே ஏறிப் போகும். கனெக்டர் பின் வெளியில் பளபளவென்று இருக்கும், கொஞ்சம் தள்ளி இன்சுலேஷனைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப் பச்சையாகி, விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். கனெக்டரில் வெள்ளை உப்பு பூத்திருப்பதைப் பார்த்தும், கான்டாக்ட் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டு மூடுகிறார்கள். அது கரைவது வெந்நீரில். கழுவி, நன்றாகக் காயவைத்து, கெட்ட வயரை நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுப் புதுசு போட வேண்டும். கசிவு எங்கிருந்து வந்தது என்று தேடுவது அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை.

மூன்று ஹீட்டர் கோடும் ஒன்றாக வந்தால்? மூன்றையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டு வந்த வண்டியைப் பார்த்தேன். மூன்று ஹீட்டரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் சாகுமா? மூன்றுக்கும் பொதுவாக இருக்கிற ரிலே, ஃபியூஸ், எர்த் பாயின்ட், இங்கேதானே முதலில் கை போக வேண்டும்? பெர்ஃபார்மன்ஸ் கோடென்றால் டேங்க் டெம்பரேச்சர் சென்சாரையும் ஒரு கண் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் அது வெளி வெப்பநிலையோடு ஒத்துப்போக வேண்டும். அது பொய் சொன்னால் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்தும் பழி சுமக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை வெறுப்பேற்றுவது, எதையும் அளக்காமல் கோடை மட்டும் அழித்துவிட்டு வண்டியை என்னிடம் அனுப்புவது. கோட் விழுந்த நேரத்து வெப்பநிலை, பேட்டரி வோல்டேஜ் எல்லாம் ஃப்ரீஸ் ஃபிரேமில் பத்திரமாக இருந்திருக்கும், அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். கோட் போடும் சோதனை திரும்ப ஓடுவதற்குச் சில சமயம் ராத்திரி முழுக்க வண்டி ஆற வேண்டும். ஏன் அழித்தீர்கள் என்று போன் போட்டுக் கேட்டால் பதில் வருகிறது: “நான் அனுப்பும்போது லைட் எரியலையே!”