சும்மாதானே நிக்குது, ஒரு வாரம் குடேன்னு கேக்குறான்

எங்ககிட்ட ஒரு ஆர்வி இருக்கு, படுக்கை, கிச்சன், டாய்லெட்டோட வீடு மாதிரி ஓடுற வண்டி. போன சனிக்கிழமை ஒரு பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வர்ற விருந்து. ஒருத்தன், பேர் வேணாம், கையில வடையோட வந்து நின்னுக்கிட்டு, "உனக்கென்ன மாப்ள, ஆர்வி வெச்சிருக்க, ஹோட்டல் செலவே கிடையாது, சும்மாதானே நிக்குது, ஒரு வாரம் எங்களுக்குக் குடேன்"ங்கிறான். வந்துச்சு பாருங்க எனக்கு. வீட்டுக்கு வந்தும் ஆறல, அதான் இங்க கொட்டுறேன்.

சும்மா நிக்குதாம்! டல்லாஸ்ல நாங்க இருக்குற ஏரியாவுல வீட்டு வாசல்ல ரெண்டாவது நாள் நிறுத்துனா ஹெச்ஓஏ, அதாவது குடியிருப்போர் சங்கத்துலேருந்து லெட்டர் வந்துரும். அதனால ஸ்டோரேஜ் லாட், மாசம் 140 டாலர். போன வருஷம் முழுக்க நாங்க அந்த வண்டியில தூங்குனது 19 ராத்திரி. 1680ஐ 19ஆல வகுத்துப் பாருங்க, ராத்திரிக்கு 88 டாலர், அதுவும் நிக்கிறதுக்கு மட்டும். லோன் தனி, இன்சூரன்ஸ் தனி, கேம்ப்கிரவுண்ட் வாடகை தனி. யானையைக் கட்டித் தீனி போடுறதும்பாங்க, யானையாவது கோயில் வாசல்ல நின்னா நாலு காசு வாங்கித் தரும்.

34 அடி கிளாஸ் ஏ, பஸ் மாதிரி பெரிய ரகம், பழசுதான், ஃபோர்டு வி10 இன்ஜின், 80 கேலன் டேங்க், கேலனுக்கு 7 மைல் குடுத்தா அன்னிக்கு நல்ல நாள். ஊர்லேருந்து அம்மா அப்பா வந்திருந்தாங்கன்னு மொன்டானாவுல கிளேசியர் நேஷனல் பார்க் வரைக்கும் போனோம், போக வர 3500 மைல், 500 கேலன், கேலன் 3 டாலர்னு வெச்சாலே 1500. சரி, போய்த் தொலையட்டும். அங்க போனா அந்தப் பார்க்கோட உயிரே கோயிங் டு த சன் ரோடுதான், அதுல அவலாஞ்சுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவுல 21 அடிக்கு மேல நீளமான வண்டிக்கு அனுமதியே இல்ல. முன்னாடியே படிக்காதது என் தப்புதான், ஒத்துக்குறேன். ஆனா வீட்டையே உருட்டிக்கிட்டு அவ்வளவு தூரம் போயிட்டு, அங்க ஒரு காரை வாடகைக்கு எடுத்தேன் பாருங்க, அந்த பில்லை இன்னும் தூக்கிப் போட மனசு வரல.

அடுத்து பிளாக் டேங்க். தெரியாதவங்களுக்கு, டாய்லெட்ல போறதெல்லாம் வண்டிக்கு அடியில சேருற டேங்க். ஞாயித்துக்கிழமை காலையில, அதைக் கொட்டுற டம்ப் ஸ்டேஷன்ல எனக்கு முன்னாடி ஆறு வண்டி. என் முறை வந்ததும் கிளவுஸ் போட்டு, ஹோஸை மாட்டி, முதல்ல பிளாக்கைத் திறக்கணும், அப்புறம்தான் குளிச்ச, பாத்திரம் கழுவுன தண்ணி சேருற கிரே டேங்க், அந்தச் சோப்புத் தண்ணி வந்து ஹோஸை அலசிவிடும். ஹோஸ் முனையில ரெண்டு கொக்கி, ஒண்ணுதான் மாட்டியிருக்கு, நான் கவனிக்கல. வால்வை இழுத்தேன். மிச்சத்தை எழுத வேணாம், ஷூவைக் குப்பையில போட்டுட்டேன். ஜன்னல் வழியா முழுசையும் பாத்த அம்மா, "காலேஜ் ஃபீஸ் கட்ட நான் வளையல வெச்சேன்டா"ன்னாங்க, அவ்வளவுதான்.

கரண்ட் இன்னொரு கூத்து. கேம்ப்கிரவுண்ட்ல 50 ஆம்ப் கனெக்ஷன் இருக்குற இடம் காலி இல்லன்னு 30 ஆம்ப் குடுத்துட்டாங்க. ஏசி ஓடுது, என் வீட்டுக்காரி மைக்ரோவேவ் போட்டா, அம்மா சட்னிக்கு மிக்ஸி போட்டாங்க, டப்புனு எல்லாம் போச்சு. அப்பா ஈபியில ரிட்டயர் ஆனவரு, அவருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "30 ஆம்ப், 120 வோல்ட்டு, மொத்தமே 3600 வாட்டுதானடா, சட்னியா ஏசியா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க"ன்னு பிரேக்கர் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துட்டாரு.

டயர் ஆறும் மாத்தணும். பட்டன் பூரா அப்படியே புதுசா இருக்கு, ஆனா பக்கவாட்டுல நாலு நம்பர், எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு, அதுபடி அதுங்களுக்கு வயசாயிடுச்சாம். ஓடித் தேயல, நின்னு தேஞ்சிருக்கு! வண்டிச் சுவத்துலேருந்து வெளிய நீட்டிக்கிற ஸ்லைடு ஓரத்துல மழைத்தண்ணி இறங்கி ஒரு கறை, ஒவ்வொரு மழைக்கும் ஒரு விரக்கடை வளருது, சர்வீசுக்கு ஃபோன் பண்ணா ஏழு வாரம் கழிச்சு வான்னு சொல்றான். அதுவரைக்கும் நானே ஏணி போட்டு கூரை மேல தவழ்ந்து சீலன்ட் பூசிக்கிட்டு இருக்கேன்.

அப்ப வித்துத் தொலையேன்னு கேப்பீங்க. அம்மாவுக்கு சுகர், முட்டிவலி வேற, மணிக்கொரு தடவை பாத்ரூம் போகணும், கார்ல கூட்டிட்டுப் போன காலத்துல ஒவ்வொரு கேஸ் ஸ்டேஷனா கெஞ்சுற மாதிரி ஆயிடும், அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்காம வருவாங்க. இந்த ட்ரிப்ல அந்தப் பயமே இல்ல. வயோமிங்ல ஒரு ரெஸ்ட் ஏரியா, வெளிய காத்து ஆளைத் தூக்குது, உள்ள ரசம் கொதிக்குது, சின்னவ பங்க் பெட்லேருந்து தலையை நீட்டி அப்பளம் கேக்குறா. அதைப் பாத்துட்டு எந்த மனுஷன் விப்பான் சொல்லுங்க, அதுதானே இந்தச் சனியனோட பிரச்சனையே.

வடைக்காரனுக்கு ஒரே பதில்தான். ஜெனரேட்டரை மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு மணி நேரம் லோடு குடுத்து ஓட்டணும், இல்லன்னா கார்பரேட்டர்ல பெட்ரோல் பிசினாட்டம் ஒட்டிக்கும். இந்த மாசக் கணக்கு இன்னும் பாக்கி. சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஸ்டோரேஜுக்கு வா மாப்ள, சாவி தரேன், கிளவுஸும் தரேன்.