உக்ரைனைக் கோதுமையிலிருந்து அறியத் தொடங்குங்கள்

போர் ஓய்ந்தபின் உக்ரைனைப் பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கீவ் நகரில் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித சோஃபியா பேராலயத்தை அவர்கள் எப்படியும் பார்த்துவிடுவார்கள். ஆனால், அந்த மக்களை அறிய விரும்புகிறவர் முதலில் அவர்களுடைய கோதுமையை அறிய வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

பல ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் முன்னிரவை அங்கே ஒரு குடும்பத்தோடு கழித்தேன். அன்று புலால் சேராத 12 பதார்த்தங்கள் சமைப்பார்கள். அவற்றுள் தலையாயது குத்யா என்னும் இனிப்புக் கோதுமை உணவு. வீட்டுப் பாட்டி, உட்புறம் வரிவரியாகக் கீறப்பட்ட மக்கித்ரா என்னும் மண்சட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு, ஊறிய கசகசாவை மரக்குழவியால் வெண்பால் கசியும்வரை அரைத்து, வேகவைத்த முழுக்கோதுமையிலும் தேனிலும் கலந்தார். முன்னோரின் நினைவாக மூலையில் ஒரு கதிர்க்கட்டு நின்றது. உண்டு முடித்தபின் கிண்ணத்தையும் கரண்டிகளையும் யாரும் எடுக்கவில்லை. இரவில் இறந்தவர்கள் வந்து உண்பார்கள் என்றார் பாட்டி.

அந்தச் சொல்லின் கனம், ஹொலொடொமோர் என்னும் பெரும் பஞ்சத்தின் நினைவு அருங்காட்சியகத்துக்குச் சென்றபோதுதான் எனக்கு விளங்கியது. உலகின் மிக வளமான கரிசல் நிலங்களுள் ஒன்றான அந்த மண்ணில், 1932-33இல் சோவியத் அரசு தானியத்தைப் பறித்துக்கொண்டதால் பல லட்சம் பேர் பட்டினியால் மாண்டார்கள். கூட்டுப்பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களையும் 1932 ஆகஸ்டில் வந்த சட்டம் தண்டித்தது. அருங்காட்சியக வாயிலில், எலும்பும் தோலுமான ஒரு சிறுமி சில கதிர்களை நெஞ்சோடு அணைத்தபடி சிலையாக நிற்கிறாள். நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

இந்த வரலாற்றை அறிந்தபின், போர்ஷ்ட்டை 'ரஷ்ய சூப்' என்று உணவகப் பட்டியல்களில் காணும்போது மனம் வலிக்கிறது. பீட்ரூட்டும் முட்டைக்கோசும் சேர்த்துச் சமைத்து, புளித்த பாலேடு இட்டு, பூண்டு தடவிய பம்புஷ்கி ரொட்டியோடு உண்ணும் உக்ரைனிய போர்ஷ்ட்டின் சமையல் மரபை, அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2022 ஜூலை 1 அன்று சேர்த்தது. போர் மக்களைச் சிதறடித்து, ஊர்கூடிச் சமைக்கும் வழக்கத்தையே குலைத்ததால்தான் அந்த அவசரம். எனவே, அதை அதன் சொந்தப் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள்.

பூவேலை செய்த ருஷ்னிக் துணியில் ரொட்டியும் உப்பும் ஏந்தி உங்களை யாரேனும் வரவேற்றால், கைபேசியை எடுக்காதீர்கள். ஒரு துண்டைப் பிட்டு, உப்பில் தொட்டு, அவர்கள் முன்னிலையிலேயே உண்ணுங்கள்.