வாட்டர் பம்ப் தானா ஜாம் ஆகறதில்லை, நாமதான் ஜாம் பண்றோம்

"அம்பாசடர் வாட்டர் பம்ப் ஜாம் ஆயிடுச்சு, புதுசு எங்க கிடைக்கும்?" இப்படிக் கேக்கறவங்க எல்லாருக்கும் எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு. பம்ப் பாடிக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்குமே, அதை அடைச்சது யாரு?

இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணியை ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல சுத்த விடறது இந்த பம்ப்தான். பழைய 1489 சிசி பி-சீரீஸ் இன்ஜின்ல இதை விட எளிசான சாமான் எதுவும் கிடையாது. முன்னால புல்லியும் ஃபேனும் மாட்டற ஹப், நடுவுல பேரிங்கோட சேர்ந்த தண்டு, அதுக்குப் பின்னால தண்ணியைத் தடுக்கற கார்பன் சீல், கடைசியில தண்ணியைத் தள்ளற சக்கரம், அதாவது இம்பெல்லர். அவ்வளவுதான். சீல் தேஞ்சா தண்ணி பேரிங்குக்குள்ள போகக்கூடாது, வெளிய சொட்டிக் காட்டணும். அதுக்காகவே சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல அந்த ஓட்டையை வச்சிருக்காங்க. பல மாசம் முன்னாடியே அது சொல்லிடும். ஓட்டையைச் சுத்திப் பழுப்பா ஒரு கறை, காலையில வண்டிக்கு அடியில நாலு சொட்டு. அப்பவே கழட்டி சீலும் பேரிங்கும் மாத்திட்டா சின்னச் செலவோட போயிடும்.

நம்ம ஊர்ல என்ன பண்றாங்க? எம்-சீலை உருட்டி அந்த ஓட்டையில வச்சு அமுக்கிடறாங்க. "லீக் நின்னுடுச்சு சார்." லீக் நிக்கலைய்யா! வெளிய வந்த தண்ணி இப்ப பேரிங்குக்குள்ள போகுது. கிரீஸைக் கழுவி எடுத்துட்டு, துருவைக் கொண்டுவந்து வைக்குது. கொஞ்ச நாள்ல கரகரன்னு சத்தம், அப்புறம் பேரிங் பிடிச்சு மொத்தமா ஜாம். எம்-சீல் வச்ச கை காசை வாங்கிட்டுப் போயாச்சு.

அடுத்தது தண்ணி. குழாய்த் தண்ணி, போர் தண்ணி, கையில கிடைச்ச எதையும் ரேடியேட்டர்ல ஊத்தறாங்க. "அந்தக் காலத்து வண்டி, கூலன்ட்டெல்லாம் வேண்டாம், பச்சைத் தண்ணியே போதும்"னு இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லப்போறாங்க? வார்ப்பிரும்பு இன்ஜின் பிளாக்குக்குள்ள உப்புத் தண்ணி நின்னா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாதா? வண்டி ஷெட்ல ஆறு மாசம் நின்னா கார்பன் சீல் எதிர்முகத்தோட ஒட்டிக்கும், இம்பெல்லர் பாடியோட துருப்பிடிச்சு இறுகிக்கும். ஸ்டார்ட் பண்ணா பெல்ட் கத்தும், ரப்பர் கருகற வாசனை வரும். உடனே பெல்ட்டை டைட் பண்றாங்க! இல்லேன்னா பைப் ரிஞ்ச் போட்டு ஃபேனைத் திருப்பி "ஃப்ரீ ஆயிடுச்சு"ங்கறாங்க. ஃப்ரீ ஆனது உண்மைதான், ஆனா கார்பன் முகம் உடைஞ்சுதான் ஆச்சு. அந்த பம்ப் இனிமே ஒழுகத்தான் செய்யும்.

ஓடும்போதே ஜாம் ஆனா இன்னும் மோசம். ஒரே பெல்ட்தான் பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோவையும் சுத்துது. சார்ஜ் விளக்கு எரியுது, கூடவே டெம்பரேச்சர் முள் ஏறுதுன்னா அந்த இடத்துலயே நிறுத்தணும். "பக்கத்துலதான் ஒர்க்ஷாப், ஓட்டிடலாம்"னு போனா இன்ஜின் மேல இருக்கற சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் பேக்கிங் போகும்.

சரி, கழட்டற வேலைக்கு வருவோம். வயிறு எரியறது இங்கதான். ரேடியேட்டரைக் கழட்டாமலே இடுக்குல கைய விட்டு ஃபேனை உருவப் பாக்கறாங்க. இறக்கை முனை போய் ரேடியேட்டர் கோர்ல குத்துது. மேல ஒரு ஹோஸ், கீழ ஒரு ஹோஸ், பக்கத்துல சில போல்ட், அதைக் கழட்டச் சோம்பல்பட்டு ரேடியேட்டருக்கும் சேர்த்துச் செலவு வைக்கறாங்க. அதுக்கு முன்னாடி தண்ணியை வடிக்கும்போதும் ரேடியேட்டர் டேப்பை மட்டும் திறக்கறாங்க. பிளாக்குல தனியா ஒரு வடிகால் டேப் இருக்கு. அதைத் திறந்தா பெரும்பாலும் ஒண்ணும் வராது. ஒரு கம்பியை விட்டுக் குத்துங்க, செங்கல் கரைச்ச மாதிரி சேறு வரும். அது பின்பக்க சிலிண்டரைச் சுத்தி வருஷக்கணக்காப் படிஞ்சது. அதை அப்படியே விட்டுட்டு புது பம்ப் போட்டா புது சீலும் அந்தச் சேத்துலதான் தேயும்.

ஸ்பேனர் விஷயம் அதைவிடக் கொடுமை. இது இஞ்ச் வண்டி. பம்ப்பைப் பிளாக்கோட பிடிக்கற நாலு போல்டும் 5/16 யுஎன்எஃப் (நெருக்கமான இஞ்ச் திரெட்), தலைக்கு 1/2 இஞ்ச் ஸ்பேனர். அதாவது 12.7 மில்லி. 13 போட்டா லூசா உக்காந்து முனையை மழுக்கிடும், 12 ஏறவே ஏறாது. அறுமுனை சாக்கெட் மட்டும் போடுங்க. துரு பிடிச்ச போல்டுக்கு முந்தின நாளே துரு இளக்கற எண்ணெய் விட்டு ஊற வைங்க. அசையலேன்னா சுத்தி இருக்கற இடத்தை கேஸ் டார்ச்சால சூடு பண்ணி, முன்னும் பின்னுமா கொஞ்சம் கொஞ்சமா ஆட்டி எடுங்க. பெரிய பைப்பை மாட்டி ஒரே இழுப்பா இழுத்தா தலை கையில வரும், தண்டு பிளாக்குல நிக்கும். அப்புறம் ட்ரில், அப்புறம் லேத்காரர். திரெட் போச்சுன்னா எம்8, அதாவது 8 மில்லி மெட்ரிக் போல்டைத் திணிக்கறவங்களை என்ன சொல்றது! விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பிட்ச் (திரெட் இடைவெளி) வேற. ரெண்டு சுத்துக்கு மேல அது பிளாக்கையே அறுக்குது.

போல்ட் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில பம்ப் படத்தை வரைஞ்சு, எந்த ஓட்டையில வந்ததோ அங்கேயே குத்தி வைங்க. நீள போல்ட் குட்டை ஓட்டையில போனா அடியில முட்டி நிக்கும். டைட் ஆன மாதிரி இருக்கும், பேக்கிங் அமுங்கியே இருக்காது.

புது பம்ப் வாங்கும்போது "அம்பாசடர்"னு மட்டும் சொல்லாதீங்க. 1990-கள்ல வந்த இசுசு 1.8 பம்ப் வேற. பழையதைக் கையோட கொண்டுபோய், பிளாக்கோட ஒட்டுற முகத்திலிருந்து ஹப் முகம் வரைக்கும் அளந்து பாருங்க. அது மாறினா பெல்ட் கோணலா ஓடும். டப்பாவுல பளபளன்னு வர்ற போலி பம்ப்ல இம்பெல்லருக்கும் பாடிக்கும் நடுவுல உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. அரை, முக்கால் மில்லி இருந்தா சரி. ரெண்டு மில்லி இருந்தா அது தண்ணியைச் சுழட்டும், தள்ளாது. இந்தக் குப்பையைப் புது பம்ப் விலைக்கு விக்கறாங்களேங்கறதுதான் ஆத்திரம். பழைய பாடி விரிசல் இல்லாம இருந்தா அதையே பிரெஸ்ல வச்சு பேரிங், சீல் மாத்தறது எவ்வளவோ மேல். சுத்தியலால அடிச்சு இறக்கக்கூடாது, பேரிங் அங்கேயே செத்துடும். பாடியில எண்ணெய் விடற திருகு இருக்கற மாடலா இருந்தா, பேரிங்ல இருக்கற துளை அதுக்கு நேரா உக்காரணும். அந்த வழியா கொஞ்சமா 140 கியர் எண்ணெய் விட்டாப் போதும். கிரீஸ் கன் வச்சு அழுத்தி ஏத்தினா அது சீல் முகத்துக்குப் போய் சீலைக் கெடுக்கும்.

மாட்டும்போது பழைய பேக்கிங்கை முழுசாச் சுரண்டணும். சிலிகானை அள்ளிப் பூசாதீங்க, உள்ள பிதுங்கினது ரேடியேட்டர் குழாய்க்குத்தான் போகும். நாலு போல்டையும் குறுக்கு மாத்தி 17 பவுண்டு-அடி, அதாவது சுமார் 2.35 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு, அதுக்கு மேல வேண்டாம். பெல்ட்டை நீளமான பக்கத்து நடுவுல அமுக்கினா 13 மில்லி ஆடணும். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டறவங்கதான் புது பேரிங்கையும் சீக்கிரமே கொல்றாங்க.

தண்ணி சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடற தெர்மோஸ்டாட்டை "சூடாகுது"ன்னு பிடுங்கி எறிஞ்சிருந்தா திரும்பப் போடுங்க. சாதாரணமா 82 டிகிரியில திறக்கறது, நம்ம வெயிலுக்கு 74. சந்தேகமா இருந்தா பாத்திரத்துல வெந்நீர் வச்சு, தெர்மாமீட்டரோட திறக்குதான்னு பாத்துட்டுப் போடுங்க. கூலன்ட் மூணுல ஒரு பங்கு, மீதி பேட்டரிக்கு ஊத்தற காய்ச்சி வடிச்ச தண்ணி (ஆசிட் இல்ல). மூடியைத் திறந்து வச்சு, மேல் ஹோஸைக் கையால அமுக்கி விட்டுக் காத்தை வெளியேத்தி நிரப்புங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, முழுசா ஆறினதும் மட்டம் பாருங்க. அப்படியே குனிஞ்சு அந்த ஓட்டையையும் பாருங்க. முதல் நாள் ரெண்டொரு சொட்டு வந்தா பயப்படாதீங்க, சீல் உக்காரும். ஒரு வாரம் கழிச்சும் சொட்டினா பம்ப்பைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடையில வைங்க. எம்-சீலைத் தொடாதீங்க.